மணிக்கட்டு முறிவு: ஒருவருக்கு மூன்று கிழமை, இன்னொருவருக்கு மூன்று மாதம் ஏன்?

கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், பலர் மனதில் ஓடுவது ஒரே கணக்குத்தான்: ஒரு எக்ஸ்ரே, ஒரு வெள்ளைக் கட்டு, ஆறு கிழமை ஓய்வு. வைத்தியசாலைக்குப் போனதும் அந்தக் கணக்குக் குழம்பிவிடுகிறது. ஈரமான டைல்ஸில் வழுக்கிய அறுபது வயது அம்மாவுக்கு எலும்பை இழுத்து நேராக்கி, கையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பாதிக் கட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்த இருபத்திரண்டு வயதுப் பையனிடம், "எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை, ஆனாலும் கட்டுப் போடுகிறோம், இரண்டு கிழமை கழித்து வாங்க" என்கிறார்கள். ஊஞ்சலில் இருந்து விழுந்த ஏழு வயதுப் பிள்ளைக்கோ கழற்றிப் போடக்கூடிய ஒரு பட்டி, அதுவும் மூன்று கிழமைக்கு. இந்த மூன்று வீட்டாரும் பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துக் கதைத்தால், யாரோ ஒருவருக்குப் பிழையான வைத்தியம் நடந்திருக்கிறது என்றுதான் முடிவு கட்டுவார்கள்.

மூன்றுமே சரியான வைத்தியமாக இருக்கலாம். எந்த எலும்பு உடைந்தது, அதில் எந்த இடத்தில் உடைந்தது, உடைந்தது யாருடைய கை என்ற மூன்று கேள்விகளுக்கான பதிலை வைத்துத்தான் எத்தனை நாள், எந்தக் கட்டு, சத்திரசிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் முடிவாகிறது. ஆகவே எலும்புகளில் இருந்தே தொடங்குவோம்.

மணிக்கட்டுக்குள் இருப்பவை

முழங்கையிலிருந்து இரண்டு நீள எலும்புகள் இறங்கி வருகின்றன. பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அரந்தி. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த அதே பெயர்கள்தான். முழங்கையில் அரந்தி பெரிது, மணிக்கட்டில் ஆரை பெரிது. கையை ஊன்றும்போது மணிக்கட்டில் இறங்கும் பாரத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை ஆரையே தாங்குகிறது. பெரியவர்களின் மணிக்கட்டில் அதிகம் உடைவது ஏன் ஆரையின் நுனி என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் உள்ளங்கை எலும்புகளுக்கும் இடையில் எட்டுச் சிறிய எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வைத்தியர்கள் லத்தீன் பெயர்களையே சொல்வார்கள், ரிப்போர்ட்டிலும் அவைதான் வரும். அதனால் அந்தப் பெயர்களையே பழகிக்கொள்வது நல்லது. பெருவிரல் பக்கத்திலிருந்து எண்ணினால்:

1. ஸ்கஃபொயிட்: படகு வடிவம். முதல் வரிசையில் இருந்தாலும் இரண்டாம் வரிசை வரை நீண்டு நிற்பது. இந்தக் கட்டுரையின் பெரும் பகுதி இதைப் பற்றித்தான்.
2. லூனேட்: பிறை வடிவம். மணிக்கட்டின் நடுவில், ஆரையின் குழிக்குள் உட்கார்ந்திருக்கும்.
3. ட்ரைக்குவெட்ரம்: மூன்று மூலை உள்ளது, சுண்டுவிரல் பக்கம்.
4. பிசிஃபோம்: பட்டாணி அளவு. ஒரு தசைநாருக்குள் புதைந்திருக்கும். உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கம் தடவினால் உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படும்.
5. ட்ரபீசியம்: இரண்டாம் வரிசையின் தொடக்கம். பெருவிரல் இதன் மேல்தான் சுழல்கிறது.
6. ட்ரபசொயிட்: உடைவது மிக அரிது, பெயரோடு விட்டுவிடலாம்.
7. கெபிடேட்: எட்டில் பெரியது, நடுவில்.
8. ஹமேட்: உள்ளங்கைப் பக்கம் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும்.

முதல் வரிசை எலும்புகளை, பிசிஃபோமைத் தவிர, எந்தத் தசையும் நேரடியாக இழுப்பதில்லை. பக்கத்து எலும்பு அசைய, பிணைநார்கள் இழுக்க, இவையும் கூடவே அசைகின்றன. ஒரு பிணைநார் அறுந்தாலோ ஓர் எலும்பு இரண்டாகப் பிளந்தாலோ முழு வரிசையின் ஒழுங்கும் மெல்ல மெல்லக் குலைவது இதனால்தான். அப்புறம், எட்டும் சேர்ந்து உள்ளங்கைப் பக்கம் ஒரு வளைவை உண்டாக்குகின்றன. அந்த வளைவுக்குள்ளால் ஒன்பது தசைநார்களும் மீடியன் நரம்பும் போகின்றன. மணிக்கட்டு உடைந்தவருக்குப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைப்பது அந்த நரம்பு நெரிபடுவதன் அடையாளம்.

விழும் விதமும் வயதும்

விழும்போது கையை முன்னே நீட்டி ஊன்றுவது நாம் யோசித்துச் செய்வதல்ல, உடம்பு தானாகச் செய்வது. உள்ளங்கை தரையில் படும்போது மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்திருக்கும். உடம்பின் பாரம் முழுவதும் அந்த மடிப்பில் வந்து இறங்கும். அந்த விசை எந்த எலும்பைப் பிளக்கும் என்பதில் வயதுக்குப் பெரிய பங்கு உண்டு.

சிறுபிள்ளைகளில் எலும்பு மிருதுவாக இருப்பதால் நசுங்கும் அல்லது வளையும். பதினைந்து முதல் முப்பது வயது வரை ஆரை நல்ல பலமாக இருக்கும், அதனால் விசை அதைத் தாண்டி ஸ்கஃபொயிட்டில் போய் முடியும். ஐம்பதைத் தாண்டிய பெண்களில், மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி குறைவதால், ஆரையின் நுனியே முதலில் விட்டுக்கொடுக்கும். எண்பது வயதில் கையை நீட்டும் வேகம் குறைந்துவிடுவதால் இடுப்புப் பக்கமாக விழுகிறார்கள், அங்கே உடைவது இடுப்பெலும்பு. ஒரே விழுகைதான், நான்கு வயதில் நான்கு முறிவுகள்.

ஆரையின் நுனி உடையும்போது

அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஆப்ரஹாம் கொலிஸ் இந்த முறிவை 1814 இல் விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895 இல். அதாவது எலும்பைப் பார்க்க வழியே இல்லாத காலத்தில், கையால் தொட்டுப் பார்த்தே அவர் சொன்னார். அதுவரை பலரும் இதை மூட்டு விலகல் என்றே நம்பி வைத்தியம் செய்துவந்தார்கள். மணிக்கட்டு மூட்டுக்குச் சற்று மேலே ஆரை உடைந்து, உடைந்த துண்டு புறங்கைப் பக்கம் சாய்ந்து போவதுதான் கொலிஸ் முறிவு. பக்கவாட்டில் பார்த்தால் கை ஒரு முள்ளுக்கரண்டியின் வளைவில் இருக்கும். வைத்திய நூல்களில் அந்த உருக்குலைவுக்குப் பெயரும் அதுதான்.

துண்டு உள்ளங்கைப் பக்கம் சாய்ந்தால் அது ஸ்மித் முறிவு. அதே டப்ளினில் ரொபர்ட் ஸ்மித் 1847 இல் விவரித்தது. மூட்டின் விளிம்பு உடைந்து, அதோடு மணிக்கட்டும் சேர்ந்து நழுவினால் பார்ட்டன் முறிவு. ஸ்மித், பார்ட்டன் வகைகள் கட்டுக்குள் நிற்பது கடினம், பெரும்பாலும் சத்திரசிகிச்சை செய்து உலோகத் தகடு வைக்கத்தான் வேண்டிவரும். கிளினிக் சீட்டில் # குறியைப் பார்த்தால் அது முறிவு என்பதற்கான வைத்தியர்களின் சுருக்கெழுத்து. அதற்குப் பக்கத்தில் எந்த எலும்பின் பெயர் இருக்கிறது என்பதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, எக்ஸ்ரேயில் வைத்தியர் எதை அளக்கிறார்? சாதாரணமாக ஆரையின் மூட்டுப் பரப்பு உள்ளங்கைப் பக்கமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருக்கும். பெருவிரல் பக்க நுனி மற்றப் பக்கத்தைவிட ஏறத்தாழ 11, 12 மில்லிமீற்றர் நீண்டிருக்கும். உடைந்தபின் இந்த அளவுகள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதே கேள்வி. பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லைகள் இவை:

1. இழுத்து நேராக்கிய பிறகும் ஆரை 3 மில்லிமீற்றருக்கு மேல் குட்டையாக இருப்பது.
2. மூட்டுப் பரப்பு புறங்கைப் பக்கம் 10 பாகைக்கு மேல் சாய்ந்திருப்பது.
3. மூட்டுக்குள் முறிவு போய், பரப்பில் 2 மில்லிமீற்றருக்கு மேல் படி விழுந்திருப்பது.

இதில் ஒன்று இருந்தாலும் இளையவருக்குச் சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு வரும். வயது போனவர்களில் இந்த எல்லைகள் அவ்வளவு இறுக்கமாகப் பார்க்கப்படுவதில்லை. எலும்பு கொஞ்சம் கோணலாகப் பொருந்தினாலும் சமையல், உடுப்புத் துவைப்பு, கோயிலுக்குப் போய்வருவது என்ற அன்றாட வேலைகளைப் பெரும்பாலானோர் நன்றாகவே செய்கிறார்கள். கொலிஸும் 1814 இல் இதைத்தான் கவனித்திருந்தார்: கோணல் ஆயுள் முழுக்க இருக்கும், ஆனால் கை ஒரு நாள் நோவில்லாமல் அசையும் என்று. "அம்மாவுக்கு ஏன் ஒப்பரேஷன் செய்யவில்லை" என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சண்டை பிடிக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நேராக்குவதற்கு முழு மயக்கம் எப்போதும் தேவையில்லை. முறிவுக்குள் தேங்கிய இரத்தத்துக்குள்ளேயே விறைப்பு ஊசி ஏற்றி, ஒருவர் முழங்கைப் பக்கம் பிடிக்க, இன்னொருவர் விரல்களைப் பிடித்து இழுத்து, துண்டை அழுத்திச் சரிசெய்வார். நேராக்கியது கட்டுக்குள் நழுவினால் மெல்லிய கம்பி அல்லது தகடு வரும். கம்பி மலிவு, ஐந்தாறு கிழமையில் கிளினிக்கிலேயே இழுத்தெடுத்துவிடலாம். தகடு விலை கூடியது, ஆனால் கையை முன்னதாக அசைக்கலாம். மூட்டுக்குள் பெரிதாகச் சிதறாத முறிவுகளில் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வு 2014 இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துக் கையின் பாவனையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் அதில் தெரியவில்லை. விலை கூடியதுதான் நல்லது என்ற நம் வழக்கமான எண்ணம் இங்கே செல்லாது.

பாதிக் கட்டு ஏன்?

முதல் நாள் சுற்றிவர முழுக் கட்டுப் போடாமல், ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டர் வைத்துத் துணி சுற்றி அனுப்பினால், அரசாங்க ஆஸ்பத்திரியில் அரைகுறையாகச் செய்துவிட்டார்கள் என்று பலர் குறைப்படுகிறார்கள். உண்மையில் அது பாதுகாப்பு. முறிவுக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று நாள் கை வீங்கிக்கொண்டே போகும். சுற்றிவர இறுகிய பிளாஸ்டருக்குள் வீங்க இடம் கிடைக்காவிட்டால் தசைகளுக்குப் போகும் இரத்த ஓட்டமே நின்றுவிடும். சில மணி நேரத்துக்குள் கட்டை வெட்டிவிடாவிட்டால் தசை நிரந்தரமாகச் செத்துப்போகலாம். அதனால் முதலில் பாதி, வீக்கம் வடிந்தபின் முழுது.

பின்வருவனவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது, நள்ளிரவென்றாலும் திரும்பிப் போக வேண்டும்: மருந்து போட்டும் கூடிக்கொண்டே போகும் நோவு, மற்றவர் விரலை மெதுவாக நிமிர்த்தினாலே தாங்க முடியாத வலி, விரல்கள் வெளிறுதல் அல்லது நீலம் பாய்தல், விறைப்பு. கையை உயர்த்தி வைத்துப் பார்ப்போம், விடிந்ததும் போவோம் என்பதெல்லாம் இங்கே ஆபத்தான பேச்சு.

இன்னொன்றையும் கட்டுப் போட்ட அன்றே பார்த்துவிடலாம். உள்ளங்கைப் பக்கம் பிளாஸ்டர் எங்கே முடிகிறது? விரல்கள் மடியும் கோட்டுக்குக் கீழேயே முடிய வேண்டும். நான்கு விரல்களும் அடியிலிருந்து முழுதாக மடிய வேண்டும். பிளாஸ்டர் விரலடியை மூடியிருந்தால் ஆறு கிழமையில் எலும்பு பொருந்திவிடும், விரல்கள் மரக்கட்டையாகிவிடும். நிற்கச் சொல்லி அங்கேயே வெட்டிக் குறைக்கக் கேட்பதில் பிழையே இல்லை.

ஸ்கஃபொயிட்: எக்ஸ்ரே தெளிவு, எலும்பு உடைவு

பெருவிரலை மேலே நிமிர்த்துங்கள். அதன் அடியில், புறங்கைப் பக்கம், இரண்டு தசைநார்கள் எழுந்து நிற்க, நடுவில் ஒரு சிறு குழி தெரியும். இதை மூக்குத்தூள் குழி என்பார்கள். அந்தக் குழியின் அடித்தளம்தான் ஸ்கஃபொயிட். கையை ஊன்றி விழுந்த ஒருவருக்கு அங்கே விரலால் அழுத்தும்போது நொந்தால், எக்ஸ்ரே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உடைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் வைத்தியம் தொடங்குவார்கள். உள்ளங்கைப் பக்கம் பெருவிரல் மேட்டின் அடியில் அழுத்துவது, பெருவிரலை அதன் நீளவாட்டில் உள்நோக்கித் தள்ளுவது என்று இன்னும் இரண்டு சோதனைகளும் உண்டு.

மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் நேரும் முறிவுகளில் 60 முதல் 70 சதவீதம் இந்த ஒன்றில்தான். ஆனாலும் முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதும் இதுதான். காரணம் எளிது: எலும்பு சரிந்து, வளைந்து நிற்கிறது; பிளவு முடியளவு மெல்லியது; துண்டுகள் விலகியிருக்காவிட்டால் படத்தில் கோடே விழாது. பத்து முதல் பதினான்கு நாள் கழித்து, குணமாகும் முயற்சியில் பிளவின் இரு கரைகளிலும் உடம்பு எலும்பைக் கொஞ்சம் கரைத்திருக்கும். அப்போது பிளவு அகன்று படத்தில் தெரியும். "அன்றைக்கு இல்லை என்றவர்கள் இன்றைக்கு இருக்கிறது என்கிறார்கள்" என்ற கோபத்துக்கு இதுதான் விளக்கம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். வசதியும் அவசரமும் உள்ளவர்கள், உதாரணமாகப் போட்டிக்குப் போக இருக்கும் விளையாட்டு வீரர்கள், அதைக் கேட்டுப் பெறலாம். மற்றவர்களுக்குக் கட்டுப் போட்டு, இரண்டு கிழமையில் மீண்டும் படம் எடுப்பது போதும். ஆனால் அந்த இரண்டாம் முறை கட்டாயம் போக வேண்டும். நோவு குறைந்துவிட்டது, வேலை இருக்கிறது என்று போகாமல் விடுபவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பயம்? இரத்த ஓட்டம். மற்ற எலும்புகளுக்குப் பல பக்கத்தாலும் இரத்தம் போகும். ஸ்கஃபொயிட்டின் பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தைக் கசியிழையம் (எலும்பைவிட மென்மையான, வழுவழுப்பான இழையம்) மூடியிருப்பதால் இரத்தக் குழாய் நுழைய இடமே குறைவு. பெரும்பங்கு இரத்தம் விரல்கள் இருக்கும் பக்கத்து முனையால் நுழைந்து, எலும்புக்குள்ளாலேயே பின்னோக்கி, ஆரைப் பக்கத்து முனைக்குப் போகிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு முட்டு ஒழுங்கையை எண்ணிப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் றோட்டுப் பக்கத்தால் மட்டும் வருகிறது. ஒழுங்கையின் நடுவில் குழாய் உடைந்தால் றோட்டோர வீட்டுக்குத் தண்ணீர் வரும், கடைசி வீட்டுக்கு ஒரு சொட்டும் வராது. ஸ்கஃபொயிட்டின் இடுப்பில், அதாவது அதன் ஒடுங்கிய நடுப்பகுதியில், பிளவு விழுந்தால் ஆரைப் பக்கத்துத் துண்டின் நிலை அதுதான். பிளவு எவ்வளவுக்கு ஆரைப் பக்கம் நெருங்குகிறதோ அவ்வளவுக்கு அந்தத் துண்டு பட்டுப்போகும் ஆபத்து கூடும்.

காலக்கணக்கும் இதிலிருந்தே வருகிறது:

1. விரல் பக்க முனையில் உடைந்தால் ஆறு முதல் எட்டுக் கிழமை.
2. இடுப்பில் உடைந்து, விலகாமல் இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு கிழமை. இந்த எலும்பின் உடைவுகளில் பெரும்பான்மை இங்கேதான்.
3. ஆரைப் பக்க முனையில் உடைந்தால் மாதக்கணக்கு, பல நேரம் நேரடியாகத் திருகாணி.

திருகாணி என்றதும் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியை நினைக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவின் திமோதி ஹேர்பட் 1984 இல் அறிமுகப்படுத்திய வகையில் தலையே இல்லை. இரு முனைகளிலும் வெவ்வேறு இடைவெளியில் புரி வெட்டியிருக்கும். உள்ளே ஏற ஏற இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று நெருங்கி இறுகும். எலும்புக்குள்ளேயே புதைந்துவிடுவதால் மூட்டில் உரசாது, பொதுவாகக் கழற்றவும் தேவையில்லை.

கவனிக்காமல் விட்டால் என்ன? முதல் சில மாதம் ஒன்றும் இல்லை. பாரம் தூக்கும்போது கொஞ்சம் நோகும், அவ்வளவுதான். வருடங்கள் போகப்போக, பொருந்தாத இரண்டு துண்டுகளும் தனித்தனியே அசைந்து மணிக்கட்டின் கசியிழையத்தைத் தேய்த்துவிடும். இருபது வயதில் "சும்மா சுளுக்கு" என்று விட்டது முப்பத்தைந்தில் மூட்டுவாதமாக வந்து நிற்கும். அந்தக் கட்டத்தில் முழுக் குணம் என்ற பேச்சுக்கு இடமில்லை. எலும்பை எடுப்பதா, மூட்டை அசையாதபடி பொருத்திவிடுவதா என்பதுதான் கேள்வி.

மற்றச் சிறு எலும்புகள், சுருக்கமாக

ட்ரைக்குவெட்ரத்தில் பெரும்பாலும் ஒரு சிறு செதில்தான் பெயரும், சில கிழமை பட்டியோடு ஆறிவிடும். லூனேட் உடைவதைவிட இடம் பெயர்வதே கவலைக்குரியது. உயரத்திலிருந்து விழுந்தவர்களில், உதாரணமாகக் கட்டட வேலைச் சாரத்தில் இருந்து விழுந்தவர்களில், லூனேட் பிறழ்ந்து மீடியன் நரம்பை நெரிக்கும். இது அன்றே சரிசெய்ய வேண்டிய அவசரம். நேர்ப்படத்தில் கண்ணுக்குப் படாமலே போகலாம், பக்கவாட்டுப் படத்தில்தான் தெரியும்.

ஹமேட்டின் கொக்கி துடுப்பாட்டக்காரர்களுக்கு உரியது. துடுப்பின் பிடி உள்ளங்கையில் அழுத்தும் இடத்துக்கு நேர் கீழே அது இருக்கிறது. டெனிஸ், கொல்ஃப் ஆடுபவர்களுக்கும் இதே கதைதான். பந்தை அடிக்கும்போது சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கையில் விடாமல் நோவு இருந்து, சாதாரண எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால், சி.ரி. ஸ்கான் கேட்க வேண்டிய இடம் இது.

பிள்ளைகளின் எக்ஸ்ரே

மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எக்ஸ்ரேயைப் பார்த்தால் எட்டு எலும்பில் இரண்டு மூன்றுதான் தெரியும். மற்றவை காணாமல் போகவில்லை. இன்னும் கசியிழையமாகவே இருப்பதால் படத்தில் விழவில்லை. பிறக்கும்போது எட்டில் ஒன்றும் எலும்பாகியிருக்காது. முதலில் கெபிடேட்டும் ஹமேட்டும் முதல் வருடத்துக்குள், கடைசியாகப் பிசிஃபோம் ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள். வளர்ச்சி குறைந்த பிள்ளையின் எலும்பு வயதைக் கணிக்க இடது கையை எக்ஸ்ரே எடுப்பது இந்த வரிசையை நம்பித்தான்.

பிள்ளைகளில் மிகச் சாதாரணமானது ஆரையின் ஒரு பக்கம் நசுங்கிப் புடைத்து நிற்கும் முறிவு. இது விலகாது, நழுவாது, மூன்று கிழமையில் தானாகவே ஆறும். கழற்றக்கூடிய பட்டியே போதும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிய பிளாஸ்டர் போடவில்லையே என்று பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இருந்து நேரே தனியார் வைத்தியசாலைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. ஒரு பக்கம் உடைந்து மறுபக்கம் வளைந்து நிற்பது வேறு, அது கட்டுக்குள்ளும் மேலும் வளையலாம். எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தகட்டின் ஊடாகப் போகும் முறிவு இன்னொரு வகை. ஆரையின் வளர்ச்சியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மணிக்கட்டுப் பக்கத் தகட்டில் நடப்பதால், அதில் பட்ட காயத்தைச் சில மாதங்களுக்காவது தொடர்ந்து கவனிப்பார்கள். மற்றபடி, பெரியவர்களில் பொறுக்க முடியாத கோணலைக்கூடப் பிள்ளையின் எலும்பு வளரும்போதே நேராக்கிக்கொள்ளும்.

விழுந்த முதல் மணி நேரம்

1. மோதிரம், வளையல், காப்பு எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்து கை வீங்கியபின் தாலிக்கொடி அளவுக்குப் பெறுமதியான வளையலாக இருந்தாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.
2. கை இருக்கும் நிலையிலேயே, மடித்த செய்தித்தாளையோ தடித்த அட்டையையோ கீழே வைத்துத் துணியால் சுற்றி, நெஞ்சு உயரத்தில் தாங்க வேண்டும். நேராக்கப் பார்க்கக் கூடாது.
3. ஐஸை துவாயில் சுற்றி வைக்கலாம். எண்ணெய் பூசி உருவுவது கூடவே கூடாது.
4. விழுந்தவருக்கு முதல் வேலையாகச் சீனி போட்டுப் பிளேன்டீ கொடுப்பது நம் வழக்கம். கை கோணலாக இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிறு காலியாகும்வரை சிகிச்சை தள்ளிப்போகும்.
5. தோல் கிழிந்து இரத்தம் வந்தால், துளை சிறிதாக இருந்தாலும், எலும்புவரை கிருமி போயிருக்கலாம். சுத்தத் துணியால் மூடி உடனே போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

முறிவு நெறிவு வைத்தியம்

பாரம்பரிய வைத்தியர்கள் கட்டுப்போடும் இந்த முறையைத் தொடாமல் எங்கள் சூழலில் எலும்பு பற்றி எழுத முடியாது. இலங்கையின் 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள், தலைமுறையாகக் கைப்பழக்கம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். விலகாத ஆரை முறிவு யார் கட்டினாலும் பெரும்பாலும் பொருந்தும், அவர்களுடைய பெயர் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிரச்சினை எங்கே என்றால், தொட்டுப் பார்த்து ஸ்கஃபொயிட்டின் இடுப்பையும் முனையையும் பிரித்தறிய முடியாது. மூட்டுக்குள் விழுந்த 2 மில்லிமீற்றர் படியும் விரலுக்குத் தெரியாது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதில் மேலே சொன்ன இரத்த ஓட்ட ஆபத்தும் உண்டு. எங்கே போக விரும்பினாலும் எக்ஸ்ரேயை முதலில் எடுத்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. பத்துப் போடுவது, எண்ணெய் பூசுவது எல்லாம் எலும்பு பொருந்திய பின் வரும் இறுக்கத்துக்கு இருக்கட்டும்.

எலும்பு சூப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டுக்கால் சூப்பில் கரையும் கல்சியம் மிகக் கொஞ்சம். நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு தின்பதில், குரக்கன் பிட்டில், பாலில் அதைவிட அதிகம் கிடைக்கும். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது.

ஐம்பது தாண்டியவருக்கு இது முதல் எச்சரிக்கை

நின்ற நிலையிலிருந்து வழுக்கி விழுந்ததற்கே எலும்பு உடைந்தது என்றால், கேள்வி தரையைப் பற்றியது மட்டுமல்ல. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்ணின் மணிக்கட்டு முறிவு, எலும்புத் தேய்வின் முதல் வெளிப்பாடாகப் பல நேரம் அமைகிறது. அப்படி உடைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இடுப்பெலும்பு உடையும் வாய்ப்பும் கூடுகிறது. டெக்சா ஸ்கான் எலும்பின் அடர்த்தியை அளந்து ஒரு டி ஸ்கோர் தரும். மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புத் தேய்வு. மாத்திரையாகவும் ஊசியாகவும் மருந்துகள் இருக்கின்றன. கட்டுப் போடும் கிளினிக்கில் கூட்ட நெரிசலில் இதை யாரும் எடுத்துச் சொல்லாமல் போகலாம். கேட்க வேண்டியது வீட்டார்தான்.

கட்டுக் கழற்றிய பின்

பிளாஸ்டர் வெட்டிய அன்று கையைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். மெலிந்து, தோல் உரிந்து, மணிக்கட்டு மடங்க மறுக்கும். பிடியின் பலம் திரும்ப மூன்று முதல் ஆறு மாதம், இறுக்கம் முழுதாக இளக ஒரு வருடம்கூட ஆகலாம். இளம் சுடுநீரில் கையை வைத்து அசைப்பது, மாப் பிசைவது, துணி பிழிவது எல்லாம் நல்ல பயிற்சி. நோவு குறைவதற்குப் பதிலாக எரிவாக மாறி, கை வீங்கி, மினுமினுத்து, தொட்டாலே தாங்க முடியாமல் போனால் அது வேறு ஒரு சிக்கல். நரம்புகள் தேவைக்கு மேல் எச்சரிக்கை அனுப்பும் இந்த நிலைக்கு எவ்வளவு முன்னதாக உடற்பயிற்சிச் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

கடைசியாக ஒன்று, பலரையும் திகைக்க வைப்பது. விலகாத, எளிய ஆரை முறிவு நன்றாக ஆறிவரும் வேளையில், சில கிழமை கழித்து ஒரு நாள் காலையில் பெருவிரலின் நுனியை நிமிர்த்த முடியாமல் போகும். விழுந்ததும் இல்லை, அடிபட்டதும் இல்லை. பெருவிரலை நிமிர்த்தும் நீள தசைநார் ஆரையின் முதுகில் உள்ள ஒரு சிறு மேட்டைச் சுற்றித் திரும்பிப் போகிறது. அந்த ஒடுங்கிய இடத்தில் இரத்தம் கட்டி, ஊட்டம் குறைந்து, நார் நைந்து அறுந்துவிடும். நைந்த முனைகளை இணைத்துத் தைக்க முடியாது. சுட்டுவிரலை நிமிர்த்த இரண்டு தசைநார்கள் இருப்பதால் அதில் ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து பெருவிரலுக்குப் பொருத்துகிறார்கள். சுட்டுவிரல் மிஞ்சிய ஒன்றோடு நிமிர்ந்துகொள்ளும், பெருவிரல் சில கிழமைப் பயிற்சியில் புதிய நாருக்குப் பழகிவிடும்.